பொட்டு வைத்த டிஸ்க்

டிஸ்க்கின் சின்ன நீல விளக்கு எரிந்தது. எனக்குக் கொதி ஏற்றியது அதுதான். அடியோடு செத்துப்போன சாமான் என்றால் ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு அழுது முடிக்கலாம். இதுவோ உயிரோடு இருந்தது. காதைக் கிட்டக் கொண்டுபோனால் உள்ளே ஏதோ மெல்லச் சுழலும் சத்தம் கேட்டது. கையில் எடுத்தால் இளஞ்சூடாகவும் இருந்தது. கணினிக்கு மட்டும் அதைத் தெரியவில்லை. திரையின் மூலையில் ஒரு பெட்டி எழும்பி, நீங்கள் செருகிய சாதனத்தை அடையாளம் காண முடியவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மறைந்தது. கழற்றி மறுபடி செருகினேன். மறுபடியும் அதையே சொன்னது. அரசாங்கக் கச்சேரியில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் நிமிர்ந்தும் பாராமல் ‘நாளைக்கு வாங்கோ’ என்பது போல இருந்தது.

அந்த டிஸ்க்கில் என் அம்மாவின் குரல் இருந்தது. உலகத்தில் வேறெங்கும் அது இல்லை.

அம்மா நான் பிறந்த ஊரான பண்டத்தரிப்பில் இறந்து மூன்று வருடமாகிறது. கடைசி மாதங்களில் சனி, ஞாயிறில் நான் அங்கே போய் நிற்பேன். அப்போது என் கைத்தொலைபேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்து, அம்மாவுக்குச் சொல்லாமல், நான் அறையில் இல்லாத நேரம் அவர் கதைப்பதையெல்லாம் பதிவு செய்தேன். பிறகு அந்தத் தொலைபேசி பழுதாகிவிட்டது. நல்லவேளையாக அதற்கு முதலே பதிவுகளை டிஸ்க்குக்கு மாற்றியிருந்தேன். மாற்றினேனே தவிர ஒன்றையும் போட்டுக் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் வரவில்லை. வினாத்தாள், புள்ளிப் பட்டியல் என்று பள்ளிக்கூடத்துக் குப்பையெல்லாம் கிடந்த டிஸ்க்கில் ஒரு மூலையில் அம்மாவும் இருந்தார். இருக்கிறார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

ஒரு நாள் பின்னேரம் கணக்குக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டு இருந்தேன். என்னவோ நினைப்பில், அம்மா என்னைக் கூப்பிடுவதை மனதுக்குள் கேட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன். முகம் வந்தது. வாயும் அசைந்தது. சத்தம் வரவில்லை. எவ்வளவு முயன்றும் என் சொந்தக் குரல்தான் வந்தது. நான் எளிதில் பயப்படுகிற ஆள் இல்லை. மீசை முளைத்த பொடியங்களைக் கணக்குப் பாடத்தில் அடக்கி வைத்திருக்கிறவள். அன்றைக்குப் பயந்தேன். நான் ஒரே பிள்ளை. எனக்கு மறந்தால் அந்தக் குரலை வைத்திருக்க வேறு ஒருவரும் இல்லை. திருத்திய பேனையை மூடாமலே எழும்பிப் போய் டிஸ்க்கை எடுத்துச் செருகினேன். அப்போதுதான் அந்த நீல விளக்கு எரிந்தது.

இன்னொரு பிரதி எடுத்து வைக்கவில்லையா என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். கூடப் படிப்பிக்கிறவர்கள் கேட்டார்கள், கடைக்காரன் கேட்டான், பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மனுசிகூடக் கேட்டார். வீடு எரிந்துகொண்டிருக்கும்போது முதலே ஏன் தண்ணீர் அள்ளி வைக்கவில்லை என்று கேட்கிற கூட்டம் இது. எடுக்கவில்லை. எடுத்திருந்தால் உங்களிடம் ஏன் வருகிறேன்?

செய்யக்கூடியதையெல்லாம் செய்தேன். செருகுகிற துளையை மாற்றிப் பார்த்தேன். கணினியை நிறுத்தி மறுபடி போட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மடிக்கணினியை இரவல் வாங்கிச் செருகினேன், அதுவும் கைவிரித்தது. யூடியூப்பில் ஒருவர் எங்கள் பிரச்சினைக்கு ஒரு நிமிடத்தில் தீர்வு சொல்கிறேன் என்று தொடங்கி, வணக்கம் சொல்லி, தன் பக்கத்துக்குச் சந்தா சேரச் சொல்லி, மணியை அழுத்தச் சொல்லி, அரை மணித்தியாலம் கழித்து வயரை மாற்றிப் பாருங்கள் என்றார். அந்த டிஸ்க்கின் வயர் மற்ற வயர்களைப் போல் இல்லை, முனை தட்டையாக இரண்டு பிரிவாக இருக்கும். எங்கள் கோப்பாய்க் கடைகளில் அது கிடைக்கவில்லை. அவருடைய முகத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும்போல் இருந்தது.

ஆனால் அவரும், பிறகு நான் பார்த்த எல்லோரும், ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்டார்கள். கடைசியாக அந்த டிஸ்க்குக்கு என்ன நடந்தது? யார் பாவித்தது? விழுந்ததா, நனைந்ததா? ஒன்றுமில்லை, ஒருவரும் தொடவில்லை என்று அடித்துச் சொன்னேன். அதற்குப் பதில் தெரிந்த ஒரு ஆள் என் வீட்டிலேயே, எனக்கு அடுத்த அறையில் இருந்தார். அவரைக் கேட்க எனக்கு வழி இல்லை. எனக்கும் மச்சாளுக்கும் பேச்சுக் கதை இல்லை.

மச்சாள் என் கணவரின் அக்கா. கலியாணம் கட்டவில்லை. தையல் மெசினோடும் சாமிப் படங்களோடும் எங்களோடுதான் இருக்கிறார். நான் பண்டத்தரிப்பு மிஷன் கோயில் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், ஊர்ப் பேச்சில் வேதக்காரி; அவர்கள் சைவம். கலியாணம் செய்த காலத்திலேயே இரண்டு பக்கமும் முகத்தை முழ நீளத்துக்குத் தூக்கினார்கள்தான். ஆனால் வீட்டுக்குள் அது ஒரு பெரிய விசயமாக இருக்கவில்லை. ஞாயிறில் நான் கோயிலுக்குப் போவேன், வெள்ளியில் அவர் போவார். நத்தாருக்கு நான் சுடுகிற கேக்கை அவர் சாப்பிடுவார், அவர் அவிக்கிற மோதகத்தை நான் சாப்பிடுவேன். அப்படித்தான் வருடங்கள் போயின.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு நான் வீட்டுக்கு வந்த நாளில் அது முடிந்தது. கையில் அம்மாவின் வேதப்புத்தகமும் மூக்குக்கண்ணாடியும் இருந்த பை. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. வாசற்படியில் கால் வைத்தேன். மச்சாள் உள்ளே இருந்து ஓடி வந்தார். கட்டிப் பிடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்துப் பையைக் கீழே வைத்தேன். அவர் கையை நீட்டி மறித்தார்.

“துடக்கு. கிணத்தடியிலை தோய்ஞ்சிட்டு உள்ளுக்கை வாரும்.”

செத்தவீட்டால் வருகிறவர் குளிக்காமல் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது எனக்குத் தெரியாததில்லை. இந்த ஊரில் யாருக்கும் அது தெரியும். அயலில் ஒரு செத்தவீட்டுக்குப் போய்வந்தால் நானும் பேசாமல் குளித்துவிட்டுத்தான் வருவேன். ஆனால் இது என் அம்மா. என் அம்மாவின் கண்ணாடி இருந்த பையை அவர் பார்த்த பார்வை இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. நான் தோய்ந்தேன். உடுப்போடு, நடுங்க நடுங்கத் தோய்ந்தேன். தோய்ந்துவிட்டு உள்ளே போனதிலிருந்து மச்சாளோடு ஒரு சொல் கதைக்கவில்லை. அவரும் கதைக்கவில்லை.

யாழ்ப்பாணத்து வீடுகளில் கதை இல்லாமல் சீவிப்பது ஒன்றும் அதிசயம் இல்லை. அதற்கு ஒழுங்கு எல்லாம் உண்டு. காலையில் குசினி என்னுடையது, பத்து மணிக்குப் பிறகு அவருடையது. நான் இரண்டடி தூரத்தில் நிற்கும்போதே, “தம்பி, காஸ் முடியப் போகுது எண்டு சொல்லு,” என்பார். நான் மறு பக்கத்தில் நின்று, “காஸுக்குச் சொல்லியாச்சு எண்டு சொல்லுங்கோப்பா,” என்பேன். என் கணவர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டுவார். சூடு கூடினால் எங்கள் நீர்வேலித் தோட்டத்தில் வாழைக்குத் தண்ணீர் மாற வேண்டும் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். திரும்பும்போது ஒரு வாழைக்குலை வரும். எங்கள் வீட்டில் வாழைப்பழம் பழுத்து அழுகிய அளவைப் பார்த்தே எங்கள் சண்டை எப்படி என்று அயலுக்குத் தெரியும்.

அந்த மனிதரைத்தான் டிஸ்க்கைப் பற்றிக் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சைக்கிளுக்குக் காற்றடித்தார்.

“அக்காவை ஒருக்காக் கேட்டுப் பாருமன்.”

“அவவை ஏன் கேக்க வேணும்? அவவுக்கும் என்ரை டிஸ்க்குக்கும் என்ன?”

“சும்மாதான். வீட்டிலை நிக்கிற ஆளெல்லே.”

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. எங்களைக் கதைக்க வைக்க அவர் இப்படி எத்தனையோ தந்திரம் செய்து பார்த்திருக்கிறார். ஒரு முறை கதவை வெளியால் பூட்டிவிட்டுப் போய்விட்டார், நானும் மச்சாளும் பின்னேரம் வரை ஒரே விறாந்தையில் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தோம். இப்போது என் அம்மாவின் குரலை வைத்தா தந்திரம்? நல்லாக ஏசிவிட்டேன். அவர் காற்றடித்து முடியாத சைக்கிளிலேயே தோட்டத்துக்குப் போனார்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, டிஸ்க்கையும் வயரையும் ஒரு துவாயில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு பஸ் ஏறினேன்.

கடை ஒரு மாடியில் இருந்தது. குளிரூட்டி, கண்ணாடிக் கதவு, வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு அறிவித்தல். உள்ளே முடியைச் சிலுப்பி விட்ட ஒருவன் மூன்று திரைகளுக்கு முன்னால் இருந்தான். நாற்பது வயது இருக்கும். என்னை அன்ரி என்றான். எனக்கும் அவனுக்கும் பத்து வயது வித்தியாசம்கூட இராது. ஆனாலும் அன்ரி.

“விழுந்ததோ அன்ரி?”

“இல்லை.”

“தண்ணி கிண்ணி பட்டதோ?”

“இல்லை.”

“வேறை ஆரும் பாவிச்சவையோ?”

“ஒருத்தரும் தொடேல்லை.” நீதிமன்றத்தில் சத்தியம் செய்பவள் போலச் சொன்னேன்.

டிஸ்க்கைத் திருப்பியும் பார்க்காமல் வயரைச் செருகினான். கண் முழுக்கத் திரையில். ஒன்றும் வரவில்லை. வயரைப் பிடித்து அப்படியும் இப்படியும் ஆட்டி, அழுத்தி நெருக்கினான். திடீரென்று திரையில் ஒரு கேள்வி வந்தது. இதைப் பாவிப்பதற்கு முதல் அழித்து ஒழுங்குபடுத்த வேண்டும், செய்யட்டுமா என்று கேட்டது.

“ஆ, பாருங்கோ, பிடிச்சிட்டுது,” என்றான் அவன். “ஃபோமற் அடிச்சாச் சரி. புது டிஸ்க் மாதிரி வந்திடும்.”

“உள்ளுக்கை கிடக்கிறது?”

“அது போயிடும்தான்.”

அவனுடைய விரல் மவுஸில் இருந்தது. அம்புக்குறி அந்த ‘யெஸ்’ என்ற பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் மேசைக்கு மேலால் எட்டி வயரைப் பிடுங்கினேன். அவனுடைய தேத்தண்ணி சரிந்து விரிப்பெல்லாம் நனைந்தது.

“என்ன அன்ரி, உப்பிடி இழுத்தா டிஸ்க் பழுதாப் போடுமெல்லே!”

“பழுதாப் போனதைத்தானே கொண்டந்தனான். நீர் மிச்சத்தையும் முடிக்கப் பாக்கிறீர்.”

அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. உள்ளே தகவலை வாசிக்கிற தலை அடிபட்டிருக்கும், கொழும்புக்கு அனுப்பித்தான் கழற்ற வேண்டும், கழற்றினாலும் வரும் என்று சொல்ல முடியாது என்று பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தான். பிறகு உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது, கலியாண வீடியோவா என்று கேட்டான்.

“என்ரை அம்மான்ரை குரல்.”

குனிந்து மேசையைத் துடைத்தான். அதோடு விட்டிருந்தால் நானும் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருப்பேன். “வேறை ஆரிட்டையும் கிடக்கும். குடும்பக் குறூப்பிலை ஒருக்காப் போட்டுக் கேளுங்கோவன்,” என்றான். நான் செருப்பைப் போடாமலே பாதிப் படி இறங்கிவிட்டு, திரும்பி ஏறிப் போய்ச் செருப்பை எடுத்துக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸில் யன்னல் பக்கம் இடம் கிடைத்தது. கைப்பையைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தேன். வயரின் தட்டையான முனையில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. அந்தக் கடைக்காரன் நெருக்கியதில் வெளியே வந்திருக்க வேண்டும். நகத்தால் சுரண்டினேன். மாவாக உதிர்ந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

சந்தனம். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம்.

எனக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கிவிட்டது. சரஸ்வதி பூசை போன மாதம்தான் முடிந்தது. அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்துப் பூசையில் பிள்ளைகளுக்கு அவலும் கடலையும் பங்கிட்டுக்கொண்டு நின்றேன். வீட்டில் மச்சாள் புத்தகம், கத்தரிக்கோல், தையல் மெசின் என்று எல்லாவற்றையும் சாமிக்கு முன்னால் வைத்துப் பொட்டு வைப்பார். முந்தி என் கணினிக்கும் வைப்பார். நானும் சிரித்துவிட்டுத் துடைப்பேன். கதை நின்றபின், என் மேசையில் ஒரு துரும்பையும் யாரும் தொடக்கூடாது என்று கணவரிடம் கத்திச் சொல்லியிருந்தேன். மச்சாளின் காதில் விழ வேண்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன்.

என் அம்மா எழுபது வயது தாண்டியும் ஒரு நாள்கூட நெற்றியில் பொட்டு வைத்ததில்லை. கலியாணப் படத்திலும் நெற்றி வெறுமைதான். அவருக்குச் செத்த பிறகு இவர் பொட்டு வைத்துவிட்டார். அதுவும் வாய்க்குள்.

கோப்பாயில் இறங்கி வீட்டுக்கு நடந்தேனா ஓடினேனா தெரியாது. மச்சாள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தார். வாசலில் நின்று, மூன்று வருடத்துக்குப் பிறகு அவருடைய முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

“என்ரை டிஸ்க்குக்கு ஆர் சந்தனம் பூசினது?”

துருவலையில் கை நின்றது. பழக்கத்தில் தம்பியைத் தேடி அங்கும் இங்கும் பார்த்தார். தம்பி தோட்டத்தில். பிறகு என்னையே பார்த்தார்.

“பூசேல்லை. பொட்டுத்தான் வைச்சனான்.”

“ஆரைக் கேட்டு வைச்சனீங்கள்?”

“ஆரைக் கேக்கிறது? நீர்தான் கதைக்கிறேல்லையே.”

“தொடக்கூடாதெண்டு சொன்னதெல்லே?”

“எல்லாத்துக்கும் வைச்சனான். மெசினுக்கு வைச்சன், தம்பியின்ரை மண்வெட்டிக்கு வைச்சன். உம்மடை சாமானை மட்டும் விட்டா, வேதக்காரியெண்டு தள்ளி வைச்சிட்டாள் எண்டு அதுக்கும் ஒரு கதை வரும். வைச்சாலும் பிழை, விட்டாலும் பிழை.”

“அதுக்குள்ளை என்ரை அம்மான்ரை குரல் கிடக்கு.”

“தெரியும். தம்பி சொன்னவன்.”

“தெரிஞ்சுமோ வைச்சனீங்கள்?”

“தெரிஞ்சபடியாத்தான் கொஞ்சம் பெரிசா வைச்சனான்.”

வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். குசினிக்குள் கோழி ஏறினால் துரத்துகிற சத்தத்தில் சொன்னேன். அம்மா பொட்டு வைக்காத மனுசி என்றேன். அம்மாவின் பையைக் கண்டு முகத்தைச் சுளித்தவருக்கு அம்மாவின் குரல் மட்டும் சாமிக்கு முன்னால் வைக்கத் தேவைப்பட்டதா என்று கேட்டேன். அன்றைக்கு ஏன் என்னை வாசலில் மறித்தீர்கள் என்றும் கேட்டுவிட்டேன்.

“துடக்கெண்டாத் துடக்குத்தான்,” என்றார் மச்சாள். கொஞ்சமும் இறங்கவில்லை. “ராசாவீட்டுப் பிள்ளையெண்டாலும் தோய்ஞ்சிட்டுத்தான் வர வேணும். நானும் அண்டைக்குத் தோய்ஞ்சனான். செய்தி வந்த உடனை, உம்மடை அம்மாவுக்கெண்டு தலையிலை தண்ணி வாத்தனான். நீர் அதைக் கேட்டனீரோ?”

இரத்த உறவு செத்தால் கேட்ட இடத்திலேயே தோய்வார்கள். அவர் ஏன் தோய்ந்தார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலையில் நான் இல்லை. “சந்தனம் ஓட்டைக்குள்ளை போனதெண்டு தெரியாதோ?” என்றேன்.

“ஏன் தெரியாது? ஈரத்துணியாலை துடைச்சுப் பாத்தனான். உள்ளுக்கை போனது வரேல்லை. தம்பியிட்டைச் சொல்லச் சொன்னனான், உமக்கு.”

அப்படியென்றால் ‘அக்காவை ஒருக்காக் கேட்டுப் பாருமன்’ என்பதுதான் அந்தச் செய்தி. ஒரு மாதமாக அந்த மனிதர் அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு நீர்வேலிக்கும் கோப்பாய்க்கும் சைக்கிள் ஓடியிருக்கிறார். அந்த நேரத்தில் நானும் மச்சாளும் ஒரே ஆளைத் திட்டினோம்.

சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணியை விரித்து டிஸ்க்கை வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் துளைக்குள் பார்த்தேன். நடுவில் இருக்கிற மெல்லிய நாக்குக்குப் பின்னால் சந்தனம் காய்ந்து கட்டியாக இறுகிக் கிடந்தது. மின்சாரம் போகிற பக்கம் தப்பியிருந்தது, அதனால்தான் விளக்கு எரிந்தது. மற்றப் பக்கம் அடைத்துக்கொண்டிருந்தது. கம்பி ஊசி ஆகாது, கீறிவிடும். பல்லுக் குத்துகிற ஈர்க்கின் நுனியைச் சீவி, காயத்துக்குப் போடுகிற ஸ்பிரிட்டில் தோய்த்து, துளித் துளியாகச் சுரண்டத் தொடங்கினேன். மச்சாள் கேட்காமலே தன் தொலைபேசியின் வெளிச்சத்தைப் போட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

“வெளிச்சத்தை ஆட்டாதேங்கோ.”

“நான் ஆட்டேல்லை. உம்மடை கைதான் ஆடுது.”

“இந்தப் பக்கம் பிடியுங்கோ.”

“அந்தப் பக்கம் பிடிச்சா உம்மடை தலை மறைக்குது. பேந்து வெளிச்சம் இல்லையெண்டுவீர்.”

மஞ்சள் தூள் துணியில் விழுந்துகொண்டே இருந்தது. எவ்வளவு பெரிய பொட்டு என்று சொன்னேன். நல்ல சந்தனம், கோயிலில் வாங்கினது என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்து இன்னும் கடுமையாக முகத்தை வைத்துக்கொண்டேன். மெசினைத் துப்புரவாக்குகிற சின்னத் தூரிகையை அவர் கொண்டுவந்து நீட்டினார். வாங்கினேன். நன்றி சொல்லவில்லை. வயரின் முனையையும் துடைத்து, இரண்டையும் நன்றாகக் காயவிட்டுச் செருகினேன்.

கணினி ‘டிங்’ என்றது. அவ்வளவுதான். கொழும்பும் இல்லை, தலை அடிபடவும் இல்லை. வினாத்தாள்கள், புள்ளிகள், எல்லாவற்றுக்கும் கீழே ‘அம்மா’ என்ற கோப்புறை. எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் என் கணவர் வாழைக்குலையோடு வந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேசையில் குனிந்து நிற்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்ன? ஆரும் செத்துப்போச்சினமோ?” என்றார்.

முதலாவது பதிவை அழுத்தினேன்.

முதலில் மின்விசிறியின் இரைச்சல். பிறகு இருமல். பிறகு ஒரு பெண் குரல், “யன்னலைச் சாத்து, நுளம்பு வந்து கடிக்குது,” என்றது. இன்னொரு பெண் குரல், “சாத்தினா வேர்க்கும்,” என்றது. “வேர்த்தா வேர்க்கட்டும்.” “உனக்கென்ன, நீ விசிறிக்குக் கீழை கிடக்கிறாய்.” இரண்டு கிழவிகள் நுளம்புக்கும் யன்னலுக்கும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவும், அம்மாவைப் பார்க்க வந்து நின்று பக்கத்துக் கட்டிலில் படுத்த அவருடைய தங்கை, என் சின்னம்மாவும். சின்னம்மாவும் அடுத்த வருடமே போய்விட்டார்.

நான் காத்திருந்தேன். இதோ, இந்த நிமிடம் ‘அம்மா’ என்று நெஞ்சு சொல்லும் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. இரண்டு குரலும் ஒரே வீட்டில் பிறந்து, ஒரே மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரே வயதில் கரகரத்துப்போன குரல்கள். விசிறியின் இரைச்சலில் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தன. அடுத்ததைப் போட்டேன். அதற்கடுத்ததைப் போட்டேன். எல்லாவற்றிலும் அவர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். எது என் அம்மா என்று எனக்குத் தெரியவில்லை. பெற்ற பிள்ளைக்குத் தெரியவில்லை.

“இஞ்சருங்கோ,” என்று கணவரைக் கூப்பிட்டேன். “உதிலை எது அம்மா?”

அவர் வாழைக்குலையைத் தோளில் இருந்து இறக்காமலே கேட்டார். “ரெண்டும் ஒரே மாதிரித்தான் கிடக்கு,” என்றார். இங்கும் அவர் ஒரு பக்கம் சாயவில்லை.

“வேர்க்கட்டும் எண்டவதான் உம்மடை அம்மா,” என்றார் மச்சாள் என் முதுகுக்குப் பின்னால் இருந்து.

திரும்பினேன். “உங்களுக்கு என்னண்டு தெரியும்?”

“எனக்குத் தெரியாமல்? ஒவ்வொரு நாளும் மத்தியானம் ரெலிபோன் எடுக்கிறவ. நீர் பள்ளிக்கூடத்திலை நிக்கிற நேரமாப் பாத்துத்தான் எடுப்பா. ராத்திரி எங்கை நொந்தது, எத்தினை தரம் சத்தியெடுத்தது, எல்லாம் எனக்குத்தான் சொல்லுறவ. உமக்குச் சொல்ல வேண்டாமெண்டவ. நீர் பயந்து போயிடுவீராம்.”

எனக்கு அம்மா ஒன்றும் சொன்னதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும், ‘நான் நல்லாத்தானே இருக்கிறன், நீ சாப்பிட்டியோ’ என்றுதான் கேட்டார். நான் ஒளித்து வைத்துப் பிடித்ததெல்லாம் நுளம்பும் யன்னலும். என் அம்மா உண்மையாகக் கதைத்த கதையெல்லாம் இந்த மனுசியின் காதுக்குள் போயிருந்தது, அதில் ஒரு சொல்லும் எந்த டிஸ்க்கிலும் இல்லை.

அந்த நேரத்தில் மச்சாளை வெறுத்ததுபோல் என் சீவியத்தில் ஒருவரையும் நான் வெறுத்ததில்லை. எழும்பி, மேசைக்குக் கீழே கிடந்த கதிரையை அவருக்கு முன்னால் இழுத்துப் போட்டேன்.

“இருங்கோ,” என்றேன். “இருந்து, அம்மா என்னென்ன சொன்னவ எண்டு முழுக்கச் சொல்லுங்கோ. அவ சொன்ன மாதிரியே சொல்லுங்கோ.”